வன்னிப் பெருநிலத்தில் கிறிஸ்தவ மேய்ப்புப்பணி: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, ஆனையிறவுக் கடனீரேரிக்கு அப்பால் விரிந்து கிடக்கும் பெருநிலப் பரப்பு வன்னி எனப்படும். இன்றைய நிருவாகப் பிரிவுகளின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களும் மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியும் இதனுள் அடங்கும். பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, முள்ளியவளை, தென்னமரவடி எனப் பற்றுக்களாகப் பிரிந்து வன்னியர் தலைமையில் இருந்த இந்நிலத்தின் அரசியல் வரலாற்றை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். 1895 ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அவ்வாய்வுகளுக்கு இன்றும் துணை புரிகின்றது. ஆயின், ஈழத்துக் கிறிஸ்தவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் யாழ்ப்பாணத்துப் பெருங்கோவில்களையும் கல்லூரிகளையும் அச்சகங்களையுமே பெரிதும் நோக்கினர். வன்னி அவ்வரலாற்றில் மடுத்தலத்தின் பொருட்டு ஓரிரு பக்கங்களைப் பெற்று அமைந்துவிடுவதே பெருவழக்கு.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வன்னியின் கிறிஸ்தவர் தொகையிற் சிறியர். காட்டுக்கும் கடலுக்கும் இடையே சிதறி வாழ்ந்தவர். அவர்களிடையே பெரிய கட்டடங்கள் எழவில்லை; எழுந்தவையும் பலமுறை அழிந்தன. எனவே அவர்தம் சமய வரலாற்றைக் கட்டடங்களைக் கொண்டு எழுத இயலாது. மேய்ப்புப்பணியைக் கொண்டே எழுதுதல் வேண்டும். அங்ஙனம் நோக்குமிடத்து இரு பண்புகள் புலனாகின்றன. முதலாவது, வன்னியில் அப்பணி ஓரிடத்தைச் சார்ந்து நில்லாது மக்களைச் சார்ந்து அவர்களுடன் பெயர்ந்து சென்றமை. இரண்டாவது, தன் பொறுப்பில் உள்ளோர் யாவர், அவர் எங்குள்ளார் என்பதை அறிந்து வைத்திருத்தல் அப்பணியின் முதற் கடமையாய் அமைந்தமை. இவ்விரு பண்புகளும் எவ்வாறு உருப்பெற்றன என்பதையும், அண்மைக்காலப் போரில் அவை எத்தகைய சோதனைக்கு உள்ளாயின என்பதையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருவானவர் இல்லாத காலம்

கிறிஸ்தவம் வன்னியை மேற்கே மன்னார், மாதோட்டப் பகுதிகளிலிருந்தும், வடக்கே யாழ்ப்பாண அரசின் எல்லைப்புறங்களிலிருந்தும் எட்டியது. மன்னாரில் மதம் மாறியோர் 1544 இல் சங்கிலி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560 இல் மன்னார்த் தீவும், 1619 இல் யாழ்ப்பாண அரசும் போர்த்துக்கேயர் வசமாயின. அவர்கள் காலத்தில் பச்சிலைப்பள்ளியிலும் தேவாலயங்கள் எழுந்தன. பின்னர் வந்த ஒல்லாந்துப் போதகரான பல்தேயு 1672 இல் வெளியிட்ட தமது நூலில் புலோப்பளை, முகமாலை, தம்பகாமம் முதலிய ஊர்களின் கோவில்களைக் குறிப்பிடுகின்றார். இவ்வூர்கள் இன்று கிளிநொச்சி மாவட்டத்தைச் சார்ந்தவை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டதும் நிலைமை மாறியது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சீர்திருத்தத் திருச்சபையின் பாடசாலைகளில் ஞானஸ்நானமும் திருமணமும் தோம்புகளில் எழுதப்பட்டன. முதுசொத்து உரிமையும் திருமணத்தின் சட்டத் தகுதியும் அத்தோம்பைச் சார்ந்தமையால், உள்ளத்திற் கத்தோலிக்கராயும் சைவராயும் இருந்தோர் பலர் ஏட்டிற் சீர்திருத்தக் கிறிஸ்தவராயினர். அரசு மக்களை எண்ணியது. ஆனால் அவ்வெண்ணிக்கை அவர்களின் உண்மை நிலையைக் காட்டவில்லை.

மாந்தைக் கோவிலில் இருந்த மாதா திருவுருவத்தை ஏறத்தாழ 1670 இல் இருபது குடும்பத்தினர் எடுத்துக்கொண்டு காட்டுவழியே சென்று மருதமடுவிற் குடியமர்ந்தனர் என்ற மரபு இக்காலத்தையே சார்ந்தது. மரபுச் செய்தியின் ஒவ்வொரு கூறும் சான்றுகளால் நிறுவப்பட்டதன்று. எனினும் அதன் சாரம் நோக்கற்பாலது. கோவிலைக் கைவிட்டுத் திருவுருவத்தைச் சுமந்து சென்றவர்கள் சாதாரண குடிமக்கள். அவர்களை வழிநடத்தக் குருவானவர் எவரும் உடன் இருந்ததாக அம்மரபு கூறவில்லை. வன்னியின் பெருந்தலம் ஓர் இடப்பெயர்விலிருந்தே பிறந்தது எனலாம்.

கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் 1687 இல் மாறுவேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்தார். அவரும் அவரைத் தொடர்ந்து வந்த ஒறற்றோரியன் சபைக் குருமாரும் சிலராய் இருந்தமையால், ஒவ்வொரு கிறிஸ்தவக் குடியிருப்பையும் அவ்வூரவரிடமே ஒப்படைக்கும் ஒழுங்கினை வகுத்தனர். மூப்பர் ஊரவரைக் கூட்டிச் சச்சரவு தீர்ப்பார். அண்ணாவியார் செபஞ் சொல்லிக் கொடுப்பார். சங்கிலித்தாம் கோவிலைப் பேணுவார். சாகுந் தறுவாயில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், மரித்தோரைச் செபத்துடன் அடக்கஞ் செய்வதும் ஊரவர் பொறுப்பாயின. 1705 இல் இலங்கை வந்த சாங்கோபாங்க சுவாமியார் எனப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் எழுதிய உரைநடை நூல்கள், குருவானவர் இல்லாத சபைகளில் அண்ணாவியார் வாசித்துக் காட்டுதற்கும் பயன்பட்டன. தவக்காலத்தில் ஓதப்படும் வியாகுலப் பிரசங்கம் இவ்வழியில் நிலைபெற்றதாகும்.

யோசேவாஸ் அடிகளார் 1711 இல் மறைந்தார். கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கிலேய அரசு நீக்கியது 1806 இலாகும். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பொதுநிலையினரே மேய்ப்பராய் நின்றமை இதனாற் பெறப்படும். 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பங்கை வலியுறுத்தியபோது உலகின் பல நாடுகளில் அது புதுமையாகத் தோன்றிற்று. வன்னியிலோ அது தேவை கற்பித்த பழைய வழக்கமாய் இருந்தது.

காய்ச்சற் காடும் நடந்து வந்த குருவும்

1847 இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் இலங்கை வந்தனர். செமேரியா, பொஞ்சீன் ஆகிய ஆயர்களின் காலத்தில் வட இலங்கையின் பணித்தளங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன. மடுவில் இன்றுள்ள ஆலயத்துக்கு 1872 இல் பொஞ்சீன் ஆண்டகை அடிக்கல் நாட்டினார். 1886 இல் யாழ்ப்பாணம் மறைமாவட்டமாக உயர்ந்தது.

இக்காலத்து வன்னி மக்கள் குறைந்த காடாயிருந்தது. பழைய குளங்கள் பல உடைந்து கிடந்தன. மலேரியாக் காய்ச்சலும் பறங்கி நோயும் குடிகளை வாட்டின. பறங்கி நோய் பற்றி அரசாங்க மருத்துவத் தலைவர் கின்சி 1881 இல் தனி அறிக்கையொன்றே சமர்ப்பிக்க நேர்ந்தமை அந்நோயின் கொடுமையை உணர்த்தும். மக்கள் தொகை குறைந்த இத்தகைய நிலத்தில் ஒரு குருவானவர் ஓரூரில் நிலையாகத் தங்குதல் அரிதாயிற்று. அவர் நடந்தோ மாட்டு வண்டியிலோ ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று, சில நாள் தங்கி, பூசை செய்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, திருமணங்களை நிறைவேற்றி அப்பாற் செல்வார். அவர் திரும்பி வருமட்டும் மூப்பரும் உபதேசியாரும் பணியைத் தொடர்வர். ஆண்டுதோறும் யூலை 2 ஆம் நாளில் நடைபெறும் மடுப் பெருநாள், இங்ஙனம் சிதறியிருந்த குடிகள் ஒன்றுகூடுதற்கும் வாய்ப்பளித்தது. அங்கே தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் கூடினர். மடுவின் மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தெனக் கொண்டு செல்லும் வழக்கம் காடு சார்ந்த வாழ்வின் அச்சத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே காட்டுகின்றது.

அப்பயணங்களில் குருவானவரின் இன்றியமையாத உடைமைகளுள் ஒன்று பதிவேடாகும். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றுக்குப் பங்குகளிற் பதிவேடு வைத்தல் வேண்டும் என்பது 1563 இல் திரெந்துச் சங்கம் விதித்த விதி. ஒல்லாந்தர் தோம்புக்கும் இப்பதிவேட்டுக்கும் வடிவில் ஒற்றுமை உண்டு; பயனில் வேற்றுமை உண்டு. தோம்பு அரசுக்கு வேண்டிய குடியை எண்ணியது. பங்குப் பதிவேடோ ஒருவரை இன்னாரின் பிள்ளை, இன்னாரின் ஞானப்பிள்ளை, இன்னாரின் துணைவர் என உறவோடு எழுதிற்று. காட்டின் நடுவே வாழ்ந்த ஓர் ஏழையின் பெயர் ஏட்டில் ஏறிய இடங்கள் மிகச் சில; அவற்றுள் இதுவொன்று.

புரட்டஸ்தாந்து மிசனரிமார் இத்துணை ஆழமாக வன்னியில் வேரூன்றாமைக்கும் காரணம் கூறலாம். 1816 இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிய அமெரிக்க மிசனும், வெஸ்லியன், அங்கிலிக்கன் மிசன்களும் பாடசாலையையே தம் முதற் கருவியாகக் கொண்டன. நெருங்கிய ஊர்கள் உள்ள குடாநாட்டில் அக்கருவி சிறந்த பலனைத் தந்தது. ஒரு காதத்துக்கு ஓரூர் என்றிருந்த வன்னியில் அதற்கு வேண்டிய பிள்ளைகளைத் திரட்டுதல் எளிதன்று. பிற்காலத்தில், குடியேற்றம் பெருகிய பின்னரே, கிளிநொச்சியிற் கருணா நிலையம் போன்ற அங்கிலிக்கன் திருச்சபைப் பணிகள் அங்குக் கால்கொண்டன.

குளங்களும் குடியேற்றங்களும்

1905 இல் வட பகுதிப் புகையிரதப் பாதை முழுமையுற்றது. 1902 இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1920 இல் நிறைவெய்தியது. அதன் கீழ் வயல்கள் திருத்தப்பட, யாழ்ப்பாணத்து நிலமற்ற குடியினர் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறினர். 1940 களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்தினால் மலேரியா கட்டுப்படவே குடியேற்றம் விரைவுற்றது. முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிற் படித்த வாலிபர் திட்டங்களும் அமைந்தன.

இதனால் மேய்ப்புப்பணியின் தன்மையும் மாறியது. நடந்து வந்து சென்ற குரு, பங்கிலே தங்கும் குருவாயினார். பல ஊர்களிலிருந்து வந்து அயலவராகிய குடியேறிகளுக்குப் பழைய ஊர்க்கோவில் உறவுகள் இல்லை. தாய்க்கிராமத்தின் சாதிக் கட்டுகள் இங்கு முற்றாக அழிந்தன என்பது மிகையாகும். ஆயினும் நிலமற்றோர் பலர் நிலம் பெற்ற இடத்தில் ஒரு புதிய சமூகத்தை ஆக்கும் வாய்ப்பு இருந்தது. அவ்வாக்கத்திற் பங்குக் கோவில் ஒரு பங்கினை வகித்தது.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்கள் புதிய அகதிகளை வன்னிக்கு அனுப்பின. 1977 க்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்தோரைக் குடியமர்த்தும் பணியில் டேவிட், இராசசுந்தரம் ஆகியோர் வவுனியாவை மையமாகக் கொண்டு நடத்திய காந்தியம் அமைப்பு முன்னின்றது. வந்தோரிற் பெரும்பாலோர் சைவர். மேய்ப்பனின் மந்தை தன் சமயத்தவர் மட்டுமா என்னும் வினா இங்ஙனம் வன்னியில் நடைமுறை வினாவாயிற்று. 1981 சனவரி 24 இல் மன்னார், வவுனியா மாவட்டங்கள் தனி மறைமாவட்டமாயின. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலேயே நீடித்தன.

இடப்பெயர்வுக் காலம்

போர் தொடங்கியதும் அதன் தாக்கத்தை வன்னியின் மேற்கு வாயிலிற் பணியாற்றிய குருமார் முதலில் உணர்ந்தனர். 1984 திசெம்பர் 13 இல் முருங்கனைச் சேர்ந்த மெதடிஸ்த குருவானவர் ஜோர்ஜ் ஜெயராசசிங்கமும், 1985 சனவரி 6 இல் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளாரும் கொல்லப்பட்டனர். 1990 இல் மடுத்தலம் பல்லாயிரம் அகதிகளின் உறைவிடமாயிற்று. ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் அங்கே திறந்த நிவாரண நிலையமொன்றை நடத்தியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறிய மக்களுட் பெருந்தொகையினர் பின்னர் வன்னியை அடைந்தனர். 1999 நவம்பர் 20 இல் மடு ஆலய வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுபேரளவில் மாண்டனர். கோவில் அடைக்கலம் தரும் என்ற நம்பிக்கை அன்று ஆட்டங்கண்டது.

2007 செப்ரெம்பர் 26 இல் நிவாரணப் பணிக்குச் சென்ற பாக்கியரஞ்சித் அடிகளாரும், 2008 ஏப்பிரல் 20 இல் வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராயிருந்த கருணாரத்தினம் அடிகளாரும் கிளைமோர்த் தாக்குதல்களில் உயிரிழந்தனர். அதே ஏப்பிரலில் மடு மாதாவின் திருவுருவம் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் மடுவை அடைந்தது. 1670 இன் மரபு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளின் பின் மீளவும் நிகழ்ந்ததெனல் பொருந்தும்.

2008 செப்ரெம்பரில் அரசாங்கத்தின் பணிப்பின்பேரில் ஐக்கிய நாடுகள் அமைப்பினரும் பிற தொண்டு நிறுவனத்தினரும் வன்னியை விட்டு வெளியேறினர். பங்குக் குருமாரும் துறவியரும், கியூடெக் எனப்படும் மறைமாவட்ட மனித முன்னேற்ற நடுநிலையத்தின் பணியாளரும் தங்கினர். மக்கள் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் எனப் பெயர்ந்தபோது இவர்களும் உடன் பெயர்ந்தனர். பங்குகளின் எல்லைகள் பொருளற்றுப் போயின. தறப்பாட் கொட்டிலும் பதுங்குகுழியுமே கோவிலாயின.

இக்காலத்தின் மிகக் கடுஞ்சோதனை வலைஞர்மடத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள கோவிலில் தஞ்சமடைந்திருந்த இளைஞர் நூற்றுக்கணக்கானோரை விடுதலைப் புலிகள் பலவந்தமாகப் பேருந்துகளில் ஏற்றிச் சென்றனர் என 2011 இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு அறிக்கை கூறுகின்றது. 2009 ஏப்பிரலில் அதே கோவில் வளாகம் எறிகணை வீச்சுக்கு உள்ளாயிற்று. கியூடெக் பணிப்பாளர் வசந்தசீலன் அடிகளார் படுகாயமுற்றார். ஒரு தரப்பினர் பிள்ளைகளைப் பறித்தனர். மறு தரப்பினர் கூரையைத் தகர்த்தனர். இரண்டையும் தடுக்கும் வலிமை மேய்ப்பருக்கு இருக்கவில்லை. இவ்விரு நிகழ்வுகளுள் ஒன்றை மட்டும் கூறி மற்றதை மறைத்தல் வரலாறாகாது.

மே 18 இல் உருத்திரபுரத்திற் பணியாற்றிய சரத்ஜீவன் அடிகளார், மக்களோடு வெளியேறிய நிலையில் மாரடைப்பால் மரித்தார். அதே நாளில் வட்டுவாகலிற் சரணடைந்தோருடன் சென்ற பிரான்சிஸ் யோசேப் அடிகளார், புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், அதன் பின்னர்க் காணப்படவில்லை.

எண்ணிக்கையும் சாட்சியமும்

கோவில் அடைக்கலமாகாதபோது, பறிப்போரையும் எறிவோரையும் தடுக்க இயலாதபோது, குருமார் உடன் இருந்தமையால் விளைந்த பயன் யாது என வினவுதல் நியாயமே. மரணத் தறுவாயில் இருந்தோர்க்கு ஆறுதல் கூறியமையும் மரித்தோரை அடக்கஞ் செய்தமையும் முதல் விடையாகும். இரண்டாம் விடை போர் முடிந்த பின்னரே வெளிப்பட்டது.

2011 சனவரியில், கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை ஒரு கணக்கினைச் சமர்ப்பித்தார். 2008 ஒக்ரோபர்த் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். போர் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர். இடைவெளி 1,46,679. இவர்கள் யாவரும் மாண்டனர் என அவர் கூறினாரல்லர்; இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றே வினவினார். இவ்விடைவெளியை அரசு ஏற்கவில்லை. 2011 இன் நிபுணர் குழு, இறந்த குடிமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது என்றது. இவ்வெண்களின் ஏற்றத்தாழ்வு ஆராய்ச்சிக்கு உரியது. ஆயின் ஆயரின் செயலை அரசியற் கூற்றாக மட்டும் கொள்வோர் அதன் வேரைக் காணத் தவறுகின்றனர். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமை கிறிஸ்தவர் யாவரும் அறிந்தது. ஒன்று குறைகின்றதென அவன் அறிந்தது எண்ணியதனாலன்றோ? காட்டுக் குடியிருப்புக்குப் பதிவேட்டுடன் நடந்து வந்த குருவானவரின் பணியும், ஆணைக்குழு முன் வைக்கப்பட்ட அக்கணக்கும் ஒரே மரபின் இரு வெளிப்பாடுகளாகும்.

அம்மரபு ஒரு சமயத்தவர்க்கே உரிமையாகவும் நிற்கவில்லை. ஆயரின் கணக்கிற் சைவரும் கிறிஸ்தவரும் வேறுபடுத்தப்படவில்லை. 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிற் போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோவில் அருகிலேயாகும். பிள்ளையின் பெயரையும் படத்தையும் ஏந்தி அமர்ந்த அன்னையர், குருவற்ற காலத்து ஊரவரைப் போன்று, எண்ணும் பொறுப்பைத் தாமே ஏற்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வன்னியின் மேய்ப்புப்பணி பொதுநிலையினரால் தாங்கப்பட்டு, நடந்து வந்த குருமாராற் புதுப்பிக்கப்பட்டு, குடியேற்றங்களில் நிலைகொண்டு, போரில் மீளவும் மக்களோடு பெயர்ந்தது என்பது தெளிவாகும். கட்டடங்கள் நிலைத்த காலங்கள் அதில் குறுகியவை. மக்களோடு உடனிருந்த காலங்களே நீண்டவை.

இவ்வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. 1875 முதல் 1947 வரை வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் வட இலங்கைக் கத்தோலிக்க வரலாற்றுக்கு அடித்தளமிட்டார். அவர் பணியை வன்னியிலே தொடர்வார் வேண்டும். தப்பியுள்ள பங்குப் பதிவேடுகளையும் குருமனை நாட்குறிப்பேடுகளையும் படியெடுத்தல், மூப்பர், அண்ணாவியார், உபதேசியார் குடும்பங்களின் நினைவுகளைப் பதிவு செய்தல், இறுதிப் போரில் உடனிருந்த குருமார், துறவியர், பணியாளர் ஆகியோரின் வாய்மொழிகளைத் திரட்டுதல் ஆகிய பணிகள் நம் பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாறு, கிறிஸ்தவ நாகரிகத் துறைகளின் மாணவர்க்கு உரியன. அந்நினைவுகளைத் தாங்கிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின் இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.